கவியைச் சுட்டது ஆர்

ஸ்காபரோவில் எனக்குப் பல் பார்க்கிற பிள்ளைக்கு முப்பது வயதுகூட இராது. தாய் தகப்பன் வேலணை, தான் பிறந்தது இங்கே என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். போன மாதம் என்னை நாற்காலியில் மல்லாத்திப் போட்டு, வாய்க்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி, "அங்கிள், உங்கட முன் பல்லு எப்பிடி உடைஞ்சது? ஹொக்கியோ?" என்று கேட்டாள். வாய்க்குள் இரண்டு கம்பியும் ஒரு பஞ்சும் கிடக்கிறவனிடம் கதை கேட்கிற பழக்கத்தைப் பல் வைத்தியர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியாது. பஞ்சை எடுத்த பிறகு சொன்னேன்:

"ஒரு இங்கிலீஷ் கவிஞராலை உடைஞ்சது, பிள்ளை."

அவள் சிரித்துவிட்டு, கராம்பு மணக்கிற ஏதோ மருந்தைத் தடவினாள்.

கராம்பு மணந்தால் உங்களுக்குப் புரியாணி ஞாபகம் வரக்கூடும். எனக்கு வருவது பார்க்டேலில் ஒரு தேவாலயத்தின் நிலவறை. கவிழ்ந்து கிடக்கிற இரும்புக் கதிரைகள், சிந்திய கோப்பி, மிதிபட்ட கேக். நடுவில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்குள் கராம்பைத் திணிக்கிற சிவலிங்கம். "கடிச்சுக்கிட்டு இரிகா. ரெத்தம் நிக்கட்டும், மறுகா கதைப்பம்." சிவலிங்கம் மட்டக்களப்பு. சிகரெட் மணத்தை மறைக்கச் சட்டைப்பையில் எந்நேரமும் கராம்பு வைத்திருப்பார். மறைக்கவேண்டிய ஆள் யாரும் அப்போது கனடாவில் இல்லை. மனைவி மட்டக்களப்பில்தான் இருந்தா. ஆனாலும் வைத்திருப்பார்.

அந்தக் கவிஞரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் புத்தகத்தைத் தேடிப் பார்த்து, "இந்த இடம் பிழை, அந்த இடம் பிழை" என்பீர்கள். பிழைகளுக்குப் பொறுப்பு தவராசா அண்ணை. எங்கள் வீட்டில் அந்தக் கவிஞருக்குப் பெயர் 'உவன்', ஊரில் கிட்ட நிற்கிறவனைச் சுட்டுகிற சொல். "உவன் நேற்று என்ன செய்தவன் தெரியுமே" என்று அண்ணை தொடங்கினால், எப்போதோ செத்து, உலகமெல்லாம் புகழ் பரவிய ஒரு மனிதன் எங்கள் பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கிற மாதிரித் தோன்றும்.

அது பார்க்டேலில் ஒரு பழைய மூன்று மாடி வீடு. எண்பத்தைந்தில் அதற்குள் எத்தனை தமிழர் இருந்தோம் என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வாசலில் கிடக்கிற சப்பாத்துகளைப் பார்த்து ஒரு மாதிரி மட்டுக்கட்டலாம். தவராசா அண்ணை ஊரில் பஸ் டிப்போவில் வேலை செய்தவர். கோயில் திருவிழாக்களில் வில்லுப்பாட்டுப் பாடுவார். இங்கே வந்து பன்றி வெட்டுகிற தொழிற்சாலையில் சேர்ந்தார். "விடியத் திருநீறு பூசிக்கொண்டு போய், பின்னேரம் மட்டும் பண்டி பிளக்கிறன்" என்பார். எத்தனை தரம் குளித்தாலும் அவருடைய நகக்கண்ணில் அந்த மணம் இருக்கும். சோற்றைக் கையால் பிசைவதை விட்டுக் கரண்டிக்கு மாறினார். அதற்காகவும் தன்னைத்தானே பகிடி பண்ணுவார்: "நான் இப்ப துரை."

அவர் அந்தக் கவிஞரைக் கண்டெடுத்தது ஸ்ரீட்கார் என்கிற தெரு ரயிலில். யாரோ விட்டுப்போன, அட்டை கழன்ற ஒரு வாழ்க்கை வரலாறு. வேலைக்குப் போகும்போது இரண்டு பக்கம், வரும்போது இரண்டு பக்கம். கவிதை வருகிற இடங்களைத் தாண்டிவிடுவார். "பாட்டெல்லாம் விட்டுப்போட்டன். அடிபாடுகளை மட்டும்தான் வாசிக்கிறன். அதுவே ஏராளம் கிடக்கு."

உண்மையிலும் ஏராளம் கிடந்தது. தகப்பன் குதிரைச் சவுக்கால் அடிப்பானாம். அதை வாங்கி வாங்கி உரமேறிய பிள்ளை, பள்ளிக்கூடத்தில் தன்னை அடிக்க வந்த வாத்தியாரின் தாடையை உடைத்ததாம். தவறணையில் குடிவெறியில் கத்திச்சண்டை. வலக்கை விரல் ஒன்று போய்விட, இடக்கையால் எழுதப் பழகினாராம். அரசனைப் பற்றி நாலு வரி எழுதியதற்காகச் சனம் திரண்டு வந்து வீட்டுக்குக் கல்லெறிந்ததாம். இதையெல்லாம் அண்ணை குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொல்லுவார். சண்டை வரும் இடத்தில் வெங்காயம் மிகப் பொடியாகிவிடும்.

வீட்டுக்குக் கல்லெறிந்த கதையை முதல் தரம் சொன்ன அன்று குசினியில் சோறு கருகியதை ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் அது சொந்தக் கதை.

எண்பத்துமூன்று ஆடியில் நான் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு இரும்புக் கடையில் நின்றேன். கூட்டம் வந்தபோது அவர்கள் கையில் இருந்த கடப்பாரைகள் எங்களுடைய அலவாங்குகள். பிடியில் எங்கள் முதலாளி அடித்த பச்சைப் பூச்சு இருந்தது. முதலாளி கதவடியில் நின்று, சிங்களத்தில், "இது நான் உங்களுக்கு வித்தது எல்லோ" என்று சொன்னார். அவர் ஏதோ வியாபாரம் பேசுகிற மாதிரித்தான் சொன்னார். நான் பின்னால் தகரத் தட்டிக்குள் ஒளிந்திருந்தேன். இரும்பு மண்டையில் பட்டால் பெரிய சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். தேங்காய் உடைக்கிற சத்தத்தைவிடச் சின்னது. அதற்குப் பிறகு கொழும்புத் துறைமுகக் கப்பலில் ஊருக்குப் போனதும், ஊரிலிருந்து ஒவ்வொரு நாடாக நழுவி இங்கே வந்ததும் வேறு கதை. அந்தச் சின்னச் சத்தம் கூடவே வந்தது.

ஆகவே உவனில் எங்களுக்கு ஒரு பட்சம். உவன் ஒளிக்கவில்லை. கல்லெறிந்தவர்களின் நடுவில் இறங்கிப்போய், முன்னுக்கு நின்றவனின் மூக்கில் குத்தினானாம். அப்புறம்தான் ஊரை விட்டு ஓடினான். "ஓடுறது எல்லாரும்தான் ஓடினனாங்கள்" என்பார் அண்ணை. "குத்திப்போட்டு ஓடினவன் உவன் ஒருத்தன்தான்."

அந்தக் குத்து அவருக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதைக் குயின் வீதியில் ஒரு பின்னேரம் கண்டேன். ஸ்ரீட்காருக்கு நின்றோம். பேஸ்போல் மட்டையோடு நாலு வெள்ளைப் பெடியள் வந்து, எங்கள் நிறத்தைப் பற்றி ஏதோ சொல்லி, மட்டையால் என் முழங்காலில் ஒன்று போட்டார்கள். நான் வழக்கம்போல மன்னிப்புக் கேட்டேன். அடி வாங்கிக்கொண்டு 'சொறி' சொல்வதில் அந்த நாட்களில் என்னை வெல்ல ஆள் கிடையாது. அண்ணை தன் சாப்பாட்டுப் பெட்டியைச் சுழற்றி அடித்தார். தகரப் பெட்டி. ஒருவனின் மூக்கிலிருந்து ரத்தம் பொங்கி, பனியில் சொட்டியது. அவர்கள் ஓடிவிட்டார்கள். அண்ணை குனிந்து மூடியைத் தேடினார். பெட்டி திறந்து, புட்டு வீதியெல்லாம் கிடந்தது.

"உவன் எண்டால் அடிச்சிருப்பான் எல்லோ. அதான்" என்றார், யாரோ தன்னைக் கணக்குக் கேட்டதுபோல.

எண்பத்தாறு பங்குனியில் அந்தத் தேவாலயத்துப் பாதிரியார் எங்களிடம் வந்தார். வந்த புதிதில் எங்களுக்குப் போர்வையும் குளிர்ச்சட்டையும் தந்த மனிதர். இலையுதிர் காலத்தில் சபையின் விருந்து நடக்கும், உங்கள் கலை ஏதாவது காட்டுங்கள் என்றார். நாங்கள் ஆளை ஆள் பார்த்தோம். எங்களுக்குத் தெரிந்த கலை ஒளிக்கிறதும் வரிசையில் நிற்கிறதும்தான். தவராசா அண்ணைதான் சொன்னார்: "உவன்ரை கதையை வில்லிலை ஏத்துவம். அவையின்ரை கவி, எங்கட வில்லு. பாதிக்குப் பாதி."

வில்லுக்குத் தண்ணீர்க் குழாய் பொருத்துகிற கடையில் ஒரு பிளாஸ்ரிக் குழாயை வாங்கி வளைத்தோம். மணிகள் கிறிஸ்மஸ் மரத்துக்கு நத்தார் அலங்காரம் விற்கிற கடையிலிருந்து வந்தன. அதனால் எங்கள் வில்லு கொஞ்சம் நத்தார் தாத்தாவின் வண்டி போலக் குலுங்கும். குடத்துக்குப் பதில் நாங்கள் சோறு சமைக்கிற பெரிய அலுமினியப் பானை. அதைத் தட்டுகிற உத்தியோகம் எனக்கு. சிவலிங்கம் பக்கப்பாட்டு. வில்லுப்பாட்டில் கதை சொல்கிறவர் தனியே சொல்லிக்கொண்டு போக முடியாது. பக்கத்தில் இருக்கிறவர் "ஆர்?", "பேந்து?", "ஏன் அப்பிடி?" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும். பதிலுக்கு எல்லோரும் "ஆமா" போடவேண்டும். கேள்வியில்தான் கதை நகரும்.

உவனின் முடிவு இப்படி. ஊரை விட்டு ஓடியவன், தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு நாட்டின் விடுதலைப் போருக்குக் கப்பலேறிப் போனான். அங்கே ஒரே எதிரியோடு சண்டை பிடிக்கிற இரண்டு கூட்டம். ஒரு பாலம் யாருக்கு என்று அந்த இரண்டும் தங்களுக்குள் துவக்கைத் தூக்கின. உவன் சமாதானம் பேச நடுவில் போனான். விழுந்தான். குசினியில் ஒத்திகை பார்க்கும்போது இந்த இடத்தில் சிவலிங்கம் கேட்பார்: "ஆர் சுட்டது?" அண்ணை வில்லைத் தட்டுவதை நிறுத்துவார். மணியெல்லாம் அடங்கட்டும் என்று பார்த்திருந்துவிட்டு, மெல்லச் சொல்லுவார்: "அவன்ரை ஆக்கள்தான்." நாங்கள் "ஆமா" போடுவோம். இளவேனிலில் அதை ஒத்திகை பார்த்தபோது அது வெறும் கதை.

கோடையில் அது வெறும் கதையாக இல்லாமல் போய்விட்டது. அண்ணைக்கு நேசன் என்று ஒரு தம்பி, ஊரில் ஒரு ஆயுத இயக்கத்தில் இருந்தான். பெரிய இயக்கம் ஒன்று அந்தச் சின்ன இயக்கத்தை அடித்து நொறுக்கியது. நேற்றுவரை ஒரே சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துத் தின்ற பெடியளைச் சந்தியில் வைத்துச் சுட்டார்கள். சில இடங்களில் சவத்தை எடுக்கவும் விடவில்லை, நெருப்பு வைத்தார்கள். உயிரோடு பிடிபட்டவர்களை ஏதோ தோட்டத்து வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தகவல். அதில் நேசனும் ஒருவன். அக்காவுக்கு அடுத்தவர் அண்ணை, அவன் கடைக்குட்டி. அவனை ஏணையில் போட்டு ஆட்டியது தான்தான் என்பார். தூங்காத பிள்ளையாம். ஆட்டி ஆட்டித் தன் தோள்மூட்டு இறங்கியதாம்.

செப்ரெம்பர் கடைசியில் ரூபன் வீட்டுக்கு வந்தார். எங்களைவிட இளையவர். அந்தப் பெரிய இயக்கத்துக்கு இங்கே ஆள் திரட்டுகிறவர்களில் ஒருவர். கையில் ஒரு கூடை அப்பிள். மிக மரியாதையான பேச்சு. அந்த மரியாதையைக் கேட்டபோது எனக்கு வெள்ளவத்தைக் கதவடி ஞாபகம் வந்தது.

"அண்ணை, தம்பியைப் பற்றிக் கதைச்சுப்போட்டன். உயிரோடைதான் இருக்கிறார்."

"எப்ப விடுவினம்?"

"விடுவினம். நீங்கள் இஞ்சை வாயைக் காத்தாச் சரி. இஞ்சை கதைக்கிறது அங்கை போய்ச் சேருது."

"நான் என்னத்தைக் கதைக்கிறது? நான் பண்டி வெட்டுறவன்."

"வில்லுப்பாட்டு ஒண்டு பழகிறியளாம். இயக்கம், சண்டை எண்டெல்லாம் வருதாம்."

"அது ஒரு வெள்ளைக்காரன்ரை கதை, தம்பி. இங்கிலீஷ் கவி. அவன் செத்து உக்கிப்போய்க் கிடக்கிறான்."

"ஆற்றை கதையெண்டாலும் சனம் தங்கடை கதையெண்டுதான் கேக்கும், அண்ணை."

அதைவிடத் திருத்தமான இலக்கிய விமர்சனத்தை நான் இன்றுவரை எந்த மேடையிலும் கேட்டதில்லை.

ரூபன் போனபிறகு அண்ணை அப்பிள் ஒன்றை எடுத்து, பன்றி வெட்டுகிற கத்தியால் நாலாகப் பிளந்தார். ஒருவரும் தின்னவில்லை. விழாவை விட்டுவிடுவோம் என்றேன். பாதிரியார் சபைக்கெல்லாம் சொல்லிவிட்டார், பார்க்டேல் தமிழர் முழுக்க வரப்போகிறார்கள், இப்போது விட்டால் அதுவும் ஒரு கதையாகிப் போகும் என்றார் அண்ணை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். உவனைச் சுட வேண்டாம். காய்ச்சலில் சாகட்டும்.

"என்னகா, ஒரு மனிசன்ர சாவை மாத்துறதா?" என்றார் சிவலிங்கம்.

"செத்தவனுக்கு எதிலை செத்தாலென்ன. இருக்கிறவன் இருக்கவேணும் எல்லோ" என்றார் அண்ணை. அதோடு "ஆர் சுட்டது?" போய், "என்ன வருத்தம்?" வந்தது. சிவலிங்கம் புதுக்கேள்வியைப் படிக்கட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகினார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். நிலவறை நிறையச் சனம். முன்வரிசையில் சபையின் மூதாட்டிகள், மடியில் கேக் தட்டு. பின்னால் பார்க்டேல் தமிழர். கடைசிச் சுவரோடு ரூபனும் அவருடைய ஆட்களும், கதிரை இருந்தும் இருக்காமல் நின்றார்கள். பாதிரியார் எழும்பிக் கதையின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் சொன்னார். கவிஞரின் பெயரைக் கேட்டதும் மூதாட்டிகள் சந்தோசமாகத் தலையாட்டினார்கள். அதில் ஒருத்தி பள்ளிக்கூடத்தில் அவருடைய பாட்டை மனப்பாடம் செய்தவளாம்.

அண்ணை அன்று பாடினமாதிரி ஒரு நாளும் பாடவில்லை. தகப்பனின் சவுக்கு, வாத்தியாரின் தாடை, தவறணைக் கத்தி. தாடை உடைந்த இடத்தில் நான் பானையில் ஒன்று போட்டேன், சபை விழுந்து சிரித்தது. தமிழ் தெரியாத மூதாட்டிகளும் அடி விழும் இடத்தில் சரியாகச் சிரித்தார்கள். உவன் கப்பலேறினான். போருக்குப் போனான். பாலம் வந்தது. காய்ச்சலுக்குத் தோதாக அண்ணை இருமக்கூடத் தொடங்கிவிட்டார்.

"விழுந்தான் உவன், பாலத்தடியிலை விழுந்தான்" என்று பாடி நிறுத்தினார்.

சிவலிங்கம் கேட்டார்: "ஆர் சுட்டது?"

வாய்ப்பழக்கம். இளவேனில் முழுக்கக் கேட்ட கேள்வி, இரண்டு கிழமை மட்டும் பழகிய புதுக்கேள்வியைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்துவிட்டது. அவருடைய முகம் சாம்பலானதை நான் பக்கத்திலிருந்து கண்டேன். அண்ணையின் கைக்கோல் அந்தரத்தில் நின்றது. எதிரி சுட்டான் என்று சொல்லியிருக்கலாம். அந்த யோசனை அவருக்கு வந்ததோ என்னவோ. அவர் கடைசிச் சுவரைப் பார்த்தார். மணிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

"அவன்ரை ஆக்கள்தான்" என்றார்.

"ஆமா" போடவேண்டியவர்கள் நாங்கள் இருவர். எனக்கு நாக்கு எழவில்லை. சிவலிங்கத்துக்கும் எழவில்லை. கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண்குரல் சொன்னது: "ஆமா." அதற்குப் பக்கத்தில் ஒரு ஆண்குரல். பிறகு மொத்தச் சபையும், ஒரே மூச்சில், வயிற்றுக்குள்ளிருந்து, "ஆமா" என்றது. அந்தச் சத்தத்துக்கு நத்தார் மணிகள் தாமாகக் குலுங்கின.

முதல் கதிரை கடைசிச் சுவரிலிருந்து பறந்து வந்தது.

இரும்பு மடக்குக் கதிரை மடங்கியபடி பறந்தால் எப்படி இருக்கும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. ஒருவன் மேடையில் பாய்ந்து அண்ணையின் நெஞ்சில் உதைத்தான். அண்ணை எழும்பி அவனுடைய கழுத்தைப் பிடித்து, வில்லின் நாணுக்குள் தலையை மாட்டி இழுத்தார். நடுவில் இருந்த பெடியள் பின்னால் திரும்பினார்கள். அதில் அண்ணன் தம்பியைப் பறிகொடுத்தவர்கள் எத்தனை பேரோ. குத்துகிறவன் அழுதுகொண்டே குத்தினான். ஒருவனின் காதைக் கடித்துத் துப்பினார்கள். கோப்பிக் கொதிகலன் சரிந்து, கொதிநீர் ஒருவன் காலில் ஊற்றியது. நான் பானையைத் தலைக்குக் கவசமாகப் பிடித்தேன். அது நல்ல யோசனை. அதற்கு மேல் ரூபன் கதிரையால் அடித்தபோது பானையின் விளிம்பு என் வாயில் இறங்கியது. அதுதான் அந்தப் பல்லு.

பொலிஸ் வந்தபோது நான் சிவலிங்கத்தின் மடியில். எதற்காகச் சண்டை என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"கவிஞர் ஒருத்தரைப் பத்தி, சேர்" என்றார் சிவலிங்கம்.

பொலிஸ்காரர் எழுதுவதை நிறுத்தினார். கேக் பூசிய கையோடு நின்ற மூதாட்டி ஒருத்தி பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "எங்களுடைய கவிஞர்தான். ஆனால் எங்கள் ஆட்கள் அவருக்காக ஒருநாளும் இப்படி அடிபட்டதில்லை" என்றாள். அவளுடைய குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்ததாக எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணை வீட்டு நடையில் இருந்த ரெலிபோனுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். இரண்டு விலா எலும்பு வெடித்திருந்தது, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். "நான்தான் நேசனைச் சாகடிச்சனான்" என்பார். திரும்ப, "நான்தான் சாகடிச்சனான்." யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பு வருவதென்றால் அங்கே ஒரு கடையில் காத்திருந்து எடுக்கவேண்டும். நாங்கள் எடுக்க வழியே இல்லை. நாட்கள் போயின. ஒரு நாள் குளிர்ப்பெட்டிக் கதவில் நெற்றியை இடித்தார். நாங்கள் இழுத்தெடுக்க முந்திக் கதவு பள்ளமாகிவிட்டது. சிவலிங்கம், அண்ணையின் முகத்தில் முழிக்கப் பயந்து, பின்வாசலால் வந்து போனார். ஒரு நாள் அண்ணையே கூப்பிட்டார். "உன்னிலை பிழையில்லை. நீ கேட்டாய். நான் சொன்னனான்."

முதல் பனி விழுந்த ஞாயிறு காலை ரெலிபோன் அடித்தது. ஊரிலிருந்து அக்கா. நான் சுவரோடு நின்றேன். அண்ணை அதிகம் பேசவில்லை. "ஓம் அக்கா." "ஓம்." நெடுநேரம் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி: "எப்ப?"

பதில் ரெலிபோனுக்கு வெளியே எனக்கும் கேட்டது. அக்கா கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. "நல்லூர்த் தேருக்கு அடுத்த நாள், தம்பி. எங்களுக்கு இப்பதான் சொன்னவை."

தேர் ஆவணியில் முடிந்துபோனது. அப்பிள் கூடையோடு ரூபன் எங்கள் வாசலில் நின்றபோது நேசன் மண்ணுக்குள் கிடந்திருக்கிறான். நாங்கள் குசினியில் இருந்து ஒரு கவிஞனுடைய சாவை மாற்றி மாற்றிப் பழகியது, செத்தவன் ஒருவனைக் காப்பாற்ற. ரூபன் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? அது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அண்ணை ரெலிபோனை மெல்ல வைத்தார். "அப்ப நான் பாடினதாலை இல்லை" என்றார். படிக்கட்டில் உட்கார்ந்தார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். தம்பி செத்த செய்தி ஒரு மனிதனுக்கு ஆறுதலாக வந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். சிரிப்பு முடிந்ததும் எழும்பி, வேலைப் பையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நானும் சிவலிங்கமும் வீட்டு நடையில் அவரை விழுத்தி மேலே இருந்தோம். எங்கள் இருவருக்கும் நல்ல அடி விழுந்தது. வெடித்த விலாவோடு ஒரு மனிதனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. பிறகு கேள்விப்பட்டோம், ரூபன் அந்தக் கிழமையே மொன்றியாலுக்குப் போய்விட்டாராம். யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தை அண்ணை கொண்டுபோய் ஸ்ரீட்கார் இருக்கையிலேயே விட்டுவிட்டு வந்தார். பிறகு ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போனார். கலியாணம் கட்டினார். கவி எழுதியவனுக்கு அவனுடைய ஊரில் சிலை வைத்திருக்கிறார்களாம். நேசனுக்கு ஒரு படம்கூட இல்லை. இருந்த ஒன்றும் வீடு எரிந்தபோது போய்விட்டது.

இப்போது அந்தப் பன்றித் தொழிற்சாலை இல்லை. தேவாலயத்தை விற்று, நிலவறையைக்கூட வீடுகளாகப் பிரித்துவிட்டார்கள். எங்கள் பார்க்டேல் வீட்டில் ஒரு குடும்பம் மட்டும் இருக்கிறது. வாசலில் இரண்டு சோடி சப்பாத்து. ஊரில் அடித்த இயக்கமும் இல்லை, அடிவாங்கிய இயக்கமும் இல்லை. இங்கே ஒருவரை ஒருவர் கண்டால் பல்லைக் கடித்தவர்கள் இன்று சம்பந்திகள்.

போன கோடையில் சிவலிங்கத்தின் மகள் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிக் குடிபூரல் வைத்தாள். வழக்கம்போல ஆண்கள் எல்லோரும் கராஜுக்குள். எனக்கு அடுத்த கதிரையில் தவராசா அண்ணை, இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கமாட்டார். பாயாசச் சட்டியோடு வந்தவர் ரூபன். மாப்பிள்ளையின் சித்தப்பாவாம். தலை பஞ்சு, இதயத்தில் சத்திரசிகிச்சை நடந்ததாம், சட்டைக்கு மேலால் தழும்பின் நுனி தெரிந்தது. எங்களை அடையாளம் கண்டு, உண்மையான சந்தோசத்தோடு உட்கார்ந்தார்.

"பார்க்டேல் காலம், என்ன அண்ணை? அந்தச் சேர்ச்சுக்குக் கீழை ஒரு பெரிய அடிபாடு நடந்தது எல்லோ. நானும் நிண்டனான். கதிரையெல்லாம் பறந்தது. என்னத்துக்கு அடிபட்டனாங்கள் எண்டுதான் எவ்வளவு யோசிச்சும் வருகுதில்லை. கிரிக்கெட்டோ?"

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். நடிப்பைத் தேடினேன். கண்ணின் ஓரம், வாயின் ஓரம் எல்லாம் தேடினேன். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு வயதான மனிதர் பாயாசச் சட்டியோடு இருந்தார்.

அண்ணை கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம் தம்பி. கிரிக்கெட்தான்" என்றார். துணியை மடித்து வைத்துவிட்டு, "ஆர் வெண்டது?" என்று கேட்டார்.

"ஆருக்கண்ணை இப்ப ஞாபகம்" என்று ரூபன் சிரித்தார்.

அண்ணை கோப்பையை நீட்டினார். ரூபன் அதை விளிம்பு மட்டும் நிறைத்துவிட்டு, அடுத்த கதிரைக்குப் போனார்.